இரத்தசோகைக்கு உணவு: எதனுடன் எதை உண்பது?

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றதும் வீட்டில் முதலில் வாங்கி வருவது பீட்ரூட்டைத்தான். நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. அதே அளவு முருங்கைக்கீரையில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இருக்கிறது.

எதையும் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் (ஒரு டெசிலிட்டருக்கு) குறைந்தால் அது இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருந்தது. கீரையும் பருப்பும் அன்றாடம் சமைக்கும் நாட்டில் இந்த நிலை ஏன் என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை, உண்ட இரும்பு உடலில் சேராமல் போவதில் இருக்கிறது.

கீரை, பருப்பு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. வைட்டமின் சி உடன் சேரும்போது உறிஞ்சப்படும் அளவு நன்றாகக் கூடுகிறது. ஆகவே கீரைக் கூட்டிலோ சுண்டலிலோ எலுமிச்சைச் சாற்றைப் பிழியலாம். ஆனால் வெப்பத்தில் அந்த வைட்டமின் அழிந்துவிடுவதால், அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகே பிழிய வேண்டும். சாப்பாட்டுடன் ஒரு பெரிய நெல்லிக்காயோ, சாப்பிட்டு முடித்ததும் பாதிக் கொய்யாப்பழமோ அதே வேலையைச் செய்யும். புளி புளித்தாலும் இதற்கு ஈடாகாது, அதில் வைட்டமின் சி மிகக் குறைவு.

தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயறை ஊறவைத்து முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கின்றன. முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்கவைக்கும் கூழ் இந்த வகையில் அருமையான உணவு.

மிகவும் கைவிட மனமில்லாத வழக்கம் ஒன்று இருக்கிறது: இட்லி சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடிப்பது. அவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருட்கள் இரும்பு உறிஞ்சப்படுவதை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. காபியை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிவைத்தால் போதும்.

அசைவம் உண்பவர்களுக்கு வழி எளிது. ஆட்டிறைச்சியிலும் ஈரலிலும் உள்ள ஹீம் இரும்பு என்ற, எளிதில் உறிஞ்சப்படும் வகை நேரடியாகச் சேர்வதோடு, இறைச்சி உடன் உண்ணும் கீரையின் இரும்பையும் கூடுதலாகச் சேரவைக்கிறது. கர்ப்பிணிகள் மட்டும், வைட்டமின் ஏ மிகுதியாவதால், ஈரலைத் தவிர்ப்பது நல்லது.

ஹீமோகுளோபின் மிகவும் இறங்கிவிட்ட பிறகு உணவு மட்டும் போதாது. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை தேவைப்படும். அதையும் பாலுடனோ காபியுடனோ விழுங்கக் கூடாது. மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பான விளைவு. ஹீமோகுளோபின் அளவு சரியானதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரத்தசோகை வந்தால், குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் உணவை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது ஆபத்து.