கருணை மனு பத்தி பேசுறப்போ நாம பண்ற தப்புகள்

ராஜீவ் காந்தி கொலை வழக்குல ஆயுள் தண்டனைல இருந்த பேரறிவாளன் 2022 மே 18ல விடுதலை ஆனப்போ வாட்ஸப்ல பாதி பேர் "மன்னிச்சு விட்டுட்டாங்க"ன்னாங்க, மீதி பேர் "அப்போ நிரபராதின்னு கோர்ட்டே சொல்லிருச்சு"ன்னாங்க. ரெண்டுமே தப்புங்க. அவரை விடலாம்னு தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர்லயே அரசியல் சட்டம் 161வது பிரிவுல (தண்டனைய மன்னிக்க, குறைக்க, மாத்த கவர்னருக்கு இருக்கிற அதிகாரம்) கவர்னருக்கு பரிந்துரை அனுப்பிருச்சு, அது வருஷக்கணக்கா முடிவாகாம கிடந்து, கடைசில சுப்ரீம் கோர்ட் முழு நீதி கிடைக்க தனக்கு இருக்கிற சிறப்பு அதிகாரமான 142வது பிரிவை வச்சு தானே விட்டுச்சு. இதுவரைக்கும் அனுபவிச்ச தண்டனை போதும்னு அர்த்தம், அவ்ளோதான். குற்றவாளிங்கிற தீர்ப்ப யாரும் அழிக்கல.

அடுத்தது, தூக்கு ஆயுளா மாறுனா அதையும் மன்னிப்புன்னு எழுதுறது. 2014 பிப்ரவரில பேரறிவாளன், அதே வழக்குல இருந்த முருகன், சாந்தன் மூணு பேருக்கும் அப்படித்தான் மாறுச்சு, காரணம் இரக்கம் இல்ல, கருணை மனுவ 11 வருஷம் முடிவெடுக்காம இழுத்தது. நியூஸ் சேனல்காரங்களே இதுல குழப்புறாங்க, நம்மள என்ன சொல்ல. தண்டனையோட வகை மாறுனா அது தண்டனை மாற்றம், வகை அப்படியே இருந்து வருஷம் மட்டும் குறைஞ்சா தண்டனை குறைப்பு. மன்னிப்புன்னா தண்டனையே போயிடணும்.

அப்புறம் ஆயுள்னா 14 வருஷம்னு ஒரு நம்பிக்கை! ஆயுள்னா சாகுற வரைக்கும்தான், 14ங்கிறது பெரிய கேஸ்கள்ல அதுக்கு முன்னாடி அரசு சாதாரணமா விட முடியாதுங்கிற கணக்கு.

ஆனா எனக்கு ரொம்ப உறுத்துறது இன்னொண்ணு. "ராஜீவ் குடும்பமே மன்னிச்சாச்சே, அப்புறம் ஏன் ஜெயில்?"னு கேக்குறது. அதே வழக்குல தூக்கு தண்டனை வாங்குன நளினிக்கு தூக்கு வேண்டாம்னு சோனியா கேட்டாங்க, 2000ல அது ஆயுளா மாறுச்சு, 2008ல பிரியங்கா வேலூர் ஜெயிலுக்கே போய் பாத்துட்டு வந்தாங்க, ஆனாலும் நளினி வெளிய வந்தது 2022 நவம்பர்லதான். கொலை வழக்கு அரசு நடத்துறது, குடும்பம் வாபஸ் வாங்க முடியாது. அதுவும் போக எந்த குடும்பம்? ஸ்ரீபெரும்புதூர்ல 1991 மே 21 ராத்திரி அந்த குண்டுல ராஜீவ் கூட பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரங்க உட்பட எத்தனையோ பேர் செத்தாங்க, அவங்க வீட்டு ஆளுங்கள்ல சில பேர் இந்த விடுதலைய எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க.