பழைய ஓட்டல் போர்டை மீட்கத் தெருவே சேரும்போது: விட்டுப்போனதை மட்டும் நிரப்புவது எப்படி?

தகரத்தில் எனாமல் பெயின்ட்டால் கையால் எழுதிய போர்டுக்கு மட்டும்தான் இந்த முறை. கண்ணாடிபோல வழவழவென்று, தட்டினால் சில்லு தெறிக்கிற சூளை எனாமல் போர்டுக்கு இது உதவாது. கீழே வரும் அளவெல்லாம் 8 அடி × 3 அடி போர்டுக்கு.

கடைக்காரரிடமும் கட்டட உரிமையாளரிடமும் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தெருவில் வீடுவீடாக முதலில் கேட்க வேண்டியது பழைய போட்டோ, வசூல் அப்புறம். கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு என்று எடுத்த படங்களின் பின்னணியில் போர்டு எப்படியும் விழுந்திருக்கும். வரவு செலவு நோட்டு கல்லாப்பெட்டி பக்கத்தில் தொங்கட்டும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

சட்டத்தோடு போர்டு 25 கிலோ வரை வரும். சாரம் கட்டி, நாலு பேர் பிடித்து இறக்குங்கள். ஏணியில் ஒருவர் நின்று செய்கிற வேலையல்ல.

எழுத்தைப் படிப்பது

இறக்கியதும் துடைக்காதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் போர்டின் மேல்பரப்போடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் அடியுங்கள். நிறம் முழுக்க வெளுத்திருந்தாலும், பிரஷ் விட்டுப்போன விளிம்பு மயிரிழை மேடாக நிழல் காட்டும். பகலில் வெறும் தகரமாகத் தெரிந்த இடத்தில் ‘காப்பி’ என்று எழுந்து வரும். அந்த வெளிச்சத்திலேயே படம் எடுத்து, டிரேசிங் தாளில் பென்சிலால் அச்செடுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய போர்டுகளில் ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரம் யானைத் துதிக்கைபோல எழுத்தோடு வளைந்து ஒட்டியிருக்கும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியே நிற்காமல் கீழே சுழித்துச் சேர்ந்திருக்கும். ‘சென்னை’யையும் ‘இலை’யையும் திருத்திவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் அடித்து எடுத்தால் பெரும்பாலும் புது வடிவம்தான் வரும். போர்டிலிருந்தே அச்செடுக்கச் சொல்வது அதனால்தான். பழைய எழுத்து இருப்பதாலேயே போர்டு 1978-க்கு முந்தையது என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. கைப்பழக்கத்தில் அதற்குப் பிறகும் அப்படி எழுதியவர்கள் உண்டு.

இன்னொன்று. மேல்பூச்சுக்கு அடியில், அந்தக் கால ஓட்டல் பெயர்களில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சாதிச் சொல் கிடைக்கலாம். 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் நடத்திய போராட்டமே அந்தச் சொல்லை அகற்றக் கோரித்தான். கிடைத்தால் படம் எடுத்து ஆவணத்தில் வையுங்கள், போர்டில் மீட்க வேண்டாம். அதை மூடிய பூச்சும் அந்தப் போர்டின் வரலாறுதான்.

சுத்தம்

அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போக, ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் அரை டீஸ்பூன், பஞ்சு, பொறுமை. சோடா வேண்டாம், தின்னர் வேண்டவே வேண்டாம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, கழிவைத் தாளில் ஒற்றி எடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிள்ளைகளுக்குப் போட்டோ சேகரிக்கும் வேலை கொடுங்கள், இந்த வேலை வேண்டாம்.

பிரைமர்: பாதிப் பேர் கவிழ்வது இங்கே

‘தகரம்தானே’ என்று ரெட் ஆக்சைடு (இரும்புக்கு அடிக்கும் செந்நிறப் பிரைமர்) அடித்து, மேலே எனாமல் போட்டுவிடுவார்கள். சில மாதம் பளபளக்கும். ஒரு மழைக்குப் பிறகு வாழைப்பட்டைபோல உரிந்து வரும். தகரத்தின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு, பெயின்ட்டிலுள்ள எண்ணெயோடு வினைபுரிந்து சோப்பாக மாறுவதுதான் காரணம். பெயின்ட் பிடித்துக்கொண்டிருப்பது தகரத்தை அல்ல, சோப்பை.

எனவே இடம் பார்த்து அடியுங்கள். துத்தநாகம் போய்ப் பழுப்புத் துரு தெரிகிற இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு போதும். சாம்பல் மினுக்கமோ பூப்பூவான படிக வடிவமோ தெரிகிற இடத்திலும், புதிதாக ஒட்டுப்போட்ட தகரத்திலும் எட்ச் பிரைமர், அதாவது அமிலம் கலந்து உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரைமர். கார் பெயின்ட் கடையில் இரண்டு டப்பாவாகக் கிடைக்கும். கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். அடிப்பது தகரம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்கட்டும். தடித்தால் அதுவே உரியும். அதன் மேல் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். பழைய பெயின்ட் விளிம்பில் எட்ச் பிரைமர் பட்டால் சுருட்டிவிடும் என்பதால் விளிம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். எட்ச் பிரைமருக்குப் பதில் வினிகர் துடைத்தால் போதும் என்ற யோசனையை நம்ப வேண்டாம்.

ஆணி ஓட்டைக்கு எம்-சீல்.

நிறமும் எழுத்தும்

சட்டத்தின் ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) கழற்றினால் அடியில் வெயில் படாத பட்டை இருக்கும். அசல் நிறம் அதுதான். ஆனால் நிரப்புவதற்கு அதைப் பார்த்துக் கலந்தால் வெளுத்த போர்டில் திட்டுத்திட்டாகத் துருத்தும். பக்கத்திலிருக்கிற இன்றைய நிறத்துக்கே கலக்குங்கள். வெள்ளைக்கு ஒரு சொட்டு மஞ்சள் அவசியம். காய்ந்தபின் நிறம் மாறும், அதனால் தகரத் துண்டில் பூசி மறுநாள் பாருங்கள். எனாமல் பிராண்டு அப்கோலைட்டோ லக்சாலோ, பின்புல நிறம் 500 மில்லி, எழுத்து நிறம் ஒவ்வொன்றும் 100 மில்லி தாராளம். இளக்குவதற்கு டர்பன்டைன் மட்டும், லாக்கர் பெயின்ட்டுக்கான என்.சி. தின்னர் பழைய பூச்சைக் கொப்பளிக்க வைக்கும்.

அச்செடுத்த தாளில் கோட்டோடு குண்டூசியால் நெருக்கமாகத் துளையிட்டு, போர்டில் ஒட்டி, மெல்லிய துணியில் முடிந்த கரித்தூளால் ஒற்றுங்கள். எழுத்து புள்ளிக்கோலமாக இறங்கும். பிரஷ் நைலான் தட்டையே போதும். கீரி முடி பிரஷ் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மாலை நாலு மணிக்கு மேல் வெளியில் வைத்துப் பூசாதீர்கள். பனி இறங்கினால் பளபளப்பு செத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

பின்சேர்க்கை

போர்டைத் திரும்ப மாட்டும்போது சுவர் விரிசல் விடுவதும் உண்டு. சுண்ணாம்புக் காரைச் சுவரில் ராவல் போல்ட் இறுக்கினால் அது விரிந்து பழைய செங்கல்லைப் பிளக்கும். சுவரை ஊடுருவும் நீளப் போல்ட்டும் உள்பக்கம் 4 அங்குலத் தகடும் போடுங்கள், நாலு இடத்தில். சுவருக்கும் போர்டுக்கும் ஒரு அங்குல இடைவெளி விடுங்கள். பித்தளை ஸ்க்ரூ அழகுதான், ஆனால் தன்னைச் சுற்றியுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்க்ரூவும் நைலான் வாஷரும் போடுங்கள்.