பிரிட்டனில் மதவெறி வதந்தி போனுக்கு வந்தால் என்ன செய்வது?

முதலில் யாருக்கும் அனுப்பாதீர்கள். 2024 ஜூலை 29-ல் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டபோது, கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய்ப் பெயரோடு செய்தி பரவி, மறுநாளே அந்த ஊர் மசூதியைத் தாக்கினார்கள். அவனோ பிரிட்டனிலேயே, வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவன். கைதானவனுக்கு 17 வயது என்பதால் போலீஸ் பெயரை வெளியிடவில்லை, அந்த இடைவெளியில்தான் பொய் புகுந்தது.

அதனால் பெயரோ மதமோ வந்தால் அந்தப் பகுதி போலீஸின் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அப்புறம், குடும்பக் குழுவில் மாமா அனுப்பியிருந்தால் எல்லார் முன்னாலும் திட்டாமல் தனியாகக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள், நாமும் குடியேறி வந்தவர்கள்தானே என்று நினைவுபடுத்துங்கள். பக்கத்து மசூதியிலோ கோயிலிலோ கூட்டம் கல்லெடுத்தால் உடனே 999 என்ற அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.