கைமாற்றுக் கொடுக்கும் முன் ‘மெய்ப்பித்தல்’ தெரிந்திருக்கட்டும்

மெய்ப்பித்தல் என்றால் ஒன்றை உண்மை என்று பிறர் ஏற்கும்படி நிறுவுவது. சான்று அதற்கான கருவி. சான்று கையில் இருந்தாலே மெய்ப்பித்ததாக ஆகிவிடாது.

வங்கி வழியாக ஐம்பதாயிரம் அனுப்பினீர்கள், சரி. பணம் போனது கணக்கில் தெரியும். அது கடன் என்பது தெரியாதே! பழைய பாக்கியைத்தான் தீர்த்தார் என்று வாங்கியவர் சொல்லிவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 104ஆம் பிரிவுப்படி, உரிமை கோருபவர்தான் அதற்கு அடிப்படையான விவரங்களை மெய்ப்பிக்க வேண்டும்.

அதனால் சொந்தக்காரரே ஆனாலும் புரோநோட்டு வாங்குங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. முடியாவிட்டால், “இந்தத் தொகையைக் கடனாக வாங்கினேன், இந்தத் தேதிக்குள் தருகிறேன்” என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பணம் திரும்பி வரும்வரை அந்த உரையாடலை அழிக்காதீர்கள். அது இருக்கும் போனையும் விற்றுவிடாதீர்கள்.