'பிங்'னு ஒரு சத்தம்: சொல்றதும் எழுதுறதும் எப்படி

"பிங் மீ ஆஃப்டர் லஞ்ச்"னு, அதாவது சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மெசேஜ் போடுன்னு, டீம் லீட் சொல்வார், நாமளும் தலையாட்டிட்டு சீட்டுக்கு வந்துடுவோம், ஆனா அதே வார்த்தையை நாமளே ஒருத்தருக்கு எழுதணும்னு வர்றப்போ கை அப்படியே நிக்கும். எனக்கு நின்னுச்சு. அதை எப்படி சரி பண்ணிக்கிட்டேன்னு வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: சத்தத்தை கேளுங்க

அகராதி அப்புறம். ஒரு காலி எவர்சில்வர் டம்ளரை மேசையில வச்சு விளிம்பை நகத்தால சுண்டுங்க. சட்டுனு கூர்மையா வந்து, மெலிசா இழுத்து அடங்குதே, அதான் பிங். தண்ணி ரொப்பிட்டு சுண்டினா சத்தம் தாழ்ந்துடும், அந்தக் கூர்மை போயிடும். அண்டா கீழ விழுந்தா அது 'க்ளாங்'. மைக்ரோவேவ் சூடு பண்ணி முடிச்சதும் வருதே, அது பிங்.

ஸ்டெப் 2: வாயில வரவைங்க

நம்மள்ல நிறைய பேர் இதை 'பிங்க்'னு சொல்லிடுறோம், அது கலர் பேரு. காரணம் நம்ம தமிழ்லயே இருக்கு. சங்கு, தங்கம், மாங்காய்னு எதை எடுத்தாலும் ங் வந்தா பின்னாடியே க வந்துடும், அதனால நாக்கு பழக்கத்துல அந்த க-வை தானா சேர்த்துடுது. ஆனா 'அங்ஙனம்'னு ஒரு பழைய வார்த்தை இருக்குல்ல, அதுல க கிடையாது. அதை 'அங்ங்...'னு ஆரம்பிச்சு அங்கேயே நிறுத்துங்க, நாக்கோட பின்பக்கம் மேல ஒட்டினபடி இருக்கணும், காத்து மூக்கு வழியா போகணும். இப்போ முன்னாடி 'பி' வச்சு சொல்லிப் பாருங்க. சரிபார்க்க கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதிதான் என் சாய்ஸ், பிரிட்டிஷ், அமெரிக்கன் ரெண்டு உச்சரிப்பும் ஆடியோவா இருக்கு.

ஸ்டெப் 3: 'னு'வை விடுங்க

நான் ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு இருந்தது இங்கதான். தமிழ்ல சத்தம் தனியா வேலை செய்யாது, தொப்புனு விழுந்தான், பளார்னு அறைஞ்சான், ணங்குனு குட்டினான், எல்லாத்துலயும் 'னு' போட்டு வேற ஒரு வினையை சேர்த்தாகணும். இங்கிலீஷ்ல சத்தமே வினை. 'தி மைக்ரோவேவ் பிங்டு', அவ்வளவுதான், 'வித் எ பிங் சவுண்ட்'னு இழுக்க வேண்டாம்.

இதே கணக்குதான் மெசேஜுக்கும். நான் "ப்ளீஸ் பிங் டு மீ"ன்னு மாசக்கணக்கா எழுதிட்டு இருந்தேன், ஏன்னா மனசுக்குள்ள "எனக்கு பிங் பண்ணுங்க"ன்னு ஓடுது, அந்த 'எனக்கு'தான் 'டு மீ'யா வெளிய வந்து நிக்குது. கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தங்க திருத்தினாங்க: "கால் டு மீன்னு சொல்லுவியா? கால் மீ தானே, இதுவும் அப்படித்தான்." அன்னைலேர்ந்து தப்பவே இல்ல. பிங் மீ, ஐ பிங்டு ஹர், ஐ வில் பிங் யூ. பெயர்ச்சொல்லா வேணும்னா 'கிவ் மீ எ பிங்'.

ஸ்டெப் 4: கம்ப்யூட்டர்ல ஒரு தடவை பார்த்துடுங்க

மெசேஜ் அனுப்புறதுக்கு ஏன் டம்ளர் சத்தம்? நீர்மூழ்கிக் கப்பல்ல சோனார்னு ஒண்ணு உண்டு, ஒரு சத்தத்தை தண்ணிக்குள்ள அனுப்பிட்டு எதிரொலி எப்போ திரும்புதுன்னு காத்திருக்கும். 1983 டிசம்பர்ல மைக் மூஸ்னு ஒரு அமெரிக்கர் நெட்வொர்க்கை சோதிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினார், அதுவும் ஒரு பாக்கெட்டை, அதாவது ஒரு சின்ன டேட்டா துண்டை, அனுப்பிட்டு பதிலுக்கு காத்திருக்குறதுதான், அதனால அந்த சோனாரோட 'பிங்' சத்தத்தையே பேரா வச்சார். விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'பிங் 8.8.8.8'னு இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க (அந்த நம்பர் கூகுளோட ஒரு சர்வர் முகவரி), 4 பதில் வரும், பக்கத்துல இருக்குற மில்லிசெகண்ட் போயிட்டு திரும்பி வர்ற மொத்த நேரம். கேம் ஆடுற பசங்க "பிங் 300 போகுதுடா"ன்னு கத்துறது இந்த நேரத்தைத்தான்.

மூஸ் எழுதி வச்ச ஒரு கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். ஒரு நெட்வொர்க் ஆளுக்கு கனெக்ஷன் விட்டு விட்டு வந்திருக்கு, அவர் ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர் 'பிங்'னு வாய்விட்டு சொல்ற மாதிரி செஞ்சு, ஸ்டீரியோல சத்தமா வச்சுட்டு, கட்டடம் பூரா ஒவ்வொரு கனெக்டரா ஆட்டிப் பார்த்துட்டே போயிருக்கார், எங்க ஆட்டினப்போ சத்தம் நின்னுச்சோ அங்கதான் கோளாறு.

ஸ்டெப் 5: எங்க வேண்டாம்

பிங்னா சின்னதா ஒரு தட்டு தட்டுறது, பதில் எதிர்பார்க்குறது. கூட வேலை செய்யுறவங்க, ஃப்ரெண்ட்ஸுக்கு ஓகே. லீவ் லெட்டர், வேலைக்கான விண்ணப்பம், முதல் தடவை பேசுற வாடிக்கையாளருக்கு வேண்டாம், அங்க 'ப்ளீஸ் கான்டாக்ட் மீ' போதும்.

அப்டேட்: லினக்ஸ்ல பிங் நிக்காம ஓடிட்டே இருக்குன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். அது அப்படித்தான், கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துங்க. இன்னொருத்தர் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வந்தா அந்த சர்வர் செத்துடுச்சான்னு கேட்டார். அப்படி முடிவு பண்ணிடாதீங்க, ஃபயர்வால், அதாவது நெட்வொர்க்கோட காவல்காரன், பிங்கை மட்டும் தடுத்திருந்தாலும் அதே வரிதான் வரும், பிரவுசர்ல அந்த சைட் திறக்குதான்னு பாருங்க.