ஆக்ஸில் உடையாம கிளட்ச் கருகாம டிராக் ஓட்டணுமா, விட்டுப் பிடிக்கத் தெரியணும்

வீல் ஃபெண்டரத் தாண்டி நாலு வெரக்கட வெளிய வந்து நிக்கறத பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன், என் வண்டிலயே. டெக்சாஸ்ல டல்லாஸுக்குத் தெக்க எனிஸ்னு ஒரு ஊர், அங்க மோட்டார்பிளெக்ஸ்னு டிராக் ரேஸுக்கு, அதாவது நின்ன எடத்துலேருந்து நேர்கோட்டுல யார் மொதல்ல போறாங்கன்னு பாக்கற ரேஸுக்கு, கால் மைல் ஓடுதளம் இருக்கு, 1986ல கட்டுனது, முழுக்க கான்கிரீட். வாரம் பூரா லேப்டாப்ப தட்டிட்டு லீவு நாள்ல அங்க போய் காச கரியாக்கறது நம்ம பொழப்பு. வண்டி 1991 மஸ்டாங், 5 லிட்டர் வி8, மேல ஒரு சூப்பர்சார்ஜர், வீல்ல 450 குதிரை சொச்சம். அன்னிக்கு ரெண்டாவது ரன், பச்ச லைட் விழுந்துச்சு, கிளட்ச விட்டேன், "டங்"னு ஒரு சத்தம், இன்ஜின் அலறுது, வண்டி நகரல. எறங்கிப் பாத்தா வீல சுத்த வைக்கற தண்டு, அதாவது ஆக்ஸில், உடைஞ்சு ரைட் சைடு பின் வீலு கோவிச்சிட்டு வீட்ட விட்டு கெளம்புன மாதிரி வெளிய நிக்குது.

அதுக்கு அப்பறம் ரெண்டு வருஷம் காசையும் தூக்கத்தையும் செலவு பண்ணி கத்துக்கிட்டத தான் எழுதறேன். மஸ்டாங் வச்சு சொல்றேன், ஆனா கியர் போட்டு ஓட்டற எந்த ரியர் வீல் டிரைவ் டிராக் வண்டிக்கும் முக்காவாசி பொருந்தும்.

மொதல்ல ஒண்ண மண்டைல ஏத்திக்கோங்க. ஆக்ஸில குதிரை சக்தி உடைக்கறதில்ல, அடி தான் உடைக்குது. ஆணி மேல சுத்தியல வச்சு அழுத்தறதுக்கும் சுத்தியலால ஓங்கி அடிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் தான். கணக்கு போட்டுப் பாப்போம், இன்ஜின் 650 நியூட்டன் மீட்டர் டார்க் குடுக்குதுன்னு வைங்க, ஃபர்ஸ்ட் கியர் 2.87, பின்னாடி டிஃப் (ரெண்டு பின் வீலுக்கும் சக்திய பிரிச்சு அனுப்பற டிஃபரென்ஷியல்) 3.73, மூணையும் பெருக்குனா கிட்டத்தட்ட 6950 நியூட்டன் மீட்டர், ரெண்டு ஆக்ஸிலும் பாதி பாதி பிரிச்சுக்கும், இத ஓரளவு நல்ல ஆக்ஸில் தாங்கிடும். ஆனா நாம என்ன பண்றோம், "பவர் ஏத்தியாச்சு, கிளட்ச் ஸ்லிப் ஆகக்கூடாது"ன்னு கடைல இருக்கறதுலயே பெரிய கிளட்ச வாங்கி மாட்றோம், அது 1200 நியூட்டன் மீட்டர் வரைக்கும் வழுக்காம பிடிக்குது. அப்பறம் 6000 ஆர்பிஎம்ல வச்சு டப்புனு கால எடுத்தா, சுத்திட்டிருக்கற ஃபிளைவீல் கிராங்கு எல்லாத்தோட வேகமும் ஒரே நொடிக்குள்ள எறங்குது, அப்ப கிளட்ச் எவ்ளோ கடத்த முடியுமோ அவ்ளோவும் பின்னாடி போகும், 1200ஐ அதே கியரால பெருக்குனா 12,800க்கு மேல. டயரும் பிடிச்சிருச்சுன்னா எங்கயாச்சும் ஒண்ணு போய்த் தான் ஆகணும், இருக்கறதுலயே இளிச்சவாயன் ஆக்ஸில்.

ஆக ஆக்ஸிலுக்கு ஃபியூஸ் கிளட்ச் தான். கிளட்ச் கொஞ்சம் கூட வழுக்கலன்னா ஆக்ஸில் போகும், ரொம்ப வழுக்குனா கிளட்ச் கருகும். தூண்டில்ல பெரிய மீன் மாட்டுனா நரம்ப விட்டுப் பிடிக்கறோமே, அதே தான்.

டிராக் ரேஸ்லயே வேகமான ரகமான டாப் ஃபியூயல் வண்டிங்கள பாருங்க, 11,000 குதிரைன்னு சொல்றாங்க, அதுல கியர்பாக்ஸே கெடையாது, அத்தனையும் பல தட்டு கிளட்ச் வழியாத் தான் போகுது. அந்த கிளட்ச் ஓட்டத்துல பெரும்பகுதி வழுக்கிக்கிட்டே தான் போகும், டைமர் வச்சு படிப்படியா இறுக்கி கடைசில தான் முழுசா பூட்டும், ஒவ்வொரு ரன்னுக்கும் தட்ட மாத்திடுவாங்க. 2008லேருந்து அவங்க கால் மைலே ஓடறதில்ல, 1000 அடி தான், அந்த 1000 அடிக்கே தட்டு வெந்து போயிடும். நமக்கு அந்த வசதி இல்ல, ஒரு கிளட்ச் ஒரு சீசனாச்சும் வரணும்.

சரி, வேலைக்கு வருவோம். ஆக்ஸில்லேருந்து ஆரம்பிக்கறேன்.

மஸ்டாங்ல 1986லேருந்து வி8 வண்டிக்கு வந்த 8.8 இஞ்ச் டிஃப்ல கம்பெனி போட்டது 28 ஸ்ப்ளைன் ஆக்ஸில், ஸ்ப்ளைன்னா ஆக்ஸில் முனைல டிஃப்க்குள்ள கோத்துக்கற பல்லு. முறுக்கு தாங்கற தெம்பு விட்டத்தோட கன அளவுல ஏறும், அதனால 28லேருந்து 31 ஸ்ப்ளைன் போனா பாக்க என்னவோ ஒரு நூல் தடிமன் தான் கூடுன மாதிரி தெரியும், தெம்பு மூணுல ஒரு பங்கு கூடிடும். 31லேருந்து 35க்கு போனா அதுக்கு மேல இன்னும் 40 சதவீதம். ஸ்லிக் டயர் (பட்டன் இல்லாத வழவழ ரேஸ் டயர்), கிளட்ச விட்டு கெளம்பற லாஞ்ச், 400 குதிரைக்கு மேலன்னா 31க்கு கொறஞ்சு யோசிக்கவே யோசிக்காதீங்க, காசு இருந்தா நேரா 35. "28லயே நல்ல இரும்புல வாங்கிக்கலாமே"ன்னு எனக்கு ஒரு கடைல சொன்னாங்க, நானும் தலையாட்டிட்டு வந்தேன், அது தான் மேல சொன்ன டங்.

இன்னொன்னு சி கிளிப். அந்த ஆக்ஸில டிஃப்க்குள்ள பிடிச்சு வச்சிருக்கறது சுண்டு விரல் மோதிரம் சைஸுக்கு ஒரு கிளிப் மட்டும் தான், ஆக்ஸில் உடைஞ்சா வெளிப்பக்கத்து துண்டும் வீலும் சேந்து வெளிய உருவிட்டு வந்துரும். எனக்கு லைன்ல நின்னப்ப ஆச்சு, அதே டாப் எண்டுல 190 கிலோமீட்டர் வேகத்துல ஆயிருந்தா இத நான் எழுதிட்டிருக்க மாட்டேன். அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்ஹெச்ஆர்ஏ ரூல்படி கால் மைல 10.99 செகண்டுலயோ அதுக்கு கீழயோ ஓடுனா வெளிக் கம்பெனி ஆக்ஸிலும் அத வெளிப்பக்கம் பிடிச்சு வைக்கற ரிட்டென்ஷனும் கட்டாயம், ஆனா ரூல் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. சி கிளிப் எலிமினேட்டர் கிட்டு போல்ட் பண்ணி மாட்டிக்கலாம், ரோட்லயும் ஓட்டற வண்டின்னா அதுல ஆயில் ஒழுகும்னு பொலம்பறவங்க நெறைய. நான் 9 இஞ்ச் டிஃப்ல வர்ற பெரிய பேரிங் முனைய வெல்ட் பண்ணிக்கிட்டேன், அதுக்கப்பறம் நிம்மதி.

வெல்டிங்னு சொன்னதும் ஞாபகம் வருது, 8.8 டிஃப்ல நடு வார்ப்போட ரெண்டு பக்க குழாயும் அழுத்தி சொருகி நாலு பொட்டு வெல்ட் வச்சிருப்பாங்க, அவ்ளோ தான். பவர் ஏறுனா குழாய் உள்ளயே திரும்பிடும். அத சுத்தி வர வெல்ட் பண்ணணும், வார்ப்பு இரும்புங்கறதால சூடு பண்ணிட்டு தெரிஞ்சவர் கையால பண்ணணும். பண்ணதும் ஹவுசிங் நேரா இருக்கான்னு பாத்துக்கோங்க, வளஞ்ச ஹவுசிங்ல போட்ட ஆக்ஸில் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் வளஞ்சு நிமுந்து, கம்பிய மடக்கி மடக்கி ஒடிப்போமே அது மாதிரி ஒரு நாள் ஒடியும். உடைஞ்ச எடத்தப் பாத்தாலே காரணம் தெரியும், ஈரத்துணிய பிழிஞ்ச மாதிரி முறுக்கிட்டு பிஞ்சிருந்தா அடி, கடல் மணல்ல அலை போட்ட கோடு மாதிரி வரிவரியா இருந்து மீதி மட்டும் சொரசொரன்னு இருந்தா களைப்பு, அது ரொம்ப நாளா விரிசல் விட்டுட்டிருந்துச்சுன்னு அர்த்தம். ஆக்ஸில் மேல ஒரு கீறல் கூட விடாதீங்க, முறுக்கு அழுத்தம் வெளித் தோல்ல தான் அதிகம், நட்ட நடுவுல ஒண்ணும் இல்ல, அதனால தான் பாதி விட்டத்துக்கு உள்ள ஓட்டை போட்ட ஆக்ஸில் கூட 6 சதவீதம் தெம்ப மட்டும் தான் இழக்கும். ஆனா வெளிய ஸ்க்ரூடிரைவர் கீறுன கோடு போதும், அங்கேருந்து விரிசல் கெளம்பும்.

இப்ப சொல்லப் போறது அஞ்சு ரூபா வேலை, ஆனா எனக்கு ரெண்டு ஆக்ஸில காப்பாத்திக் குடுத்தது. புது ஆக்ஸில மாட்றதுக்கு முன்னாடி வீல் மாட்டற முனையான ஃபிளேஞ்ச்லேருந்து ஸ்ப்ளைன் வரைக்கும் ஸ்கேல் வச்சு வெள்ள பெயிண்ட்ல நேரா ஒரு கோடு போடுங்க. சீசன்ல ரெண்டு தடவ கழட்டிப் பாருங்க. கோடு நேரா இருந்தா பொழச்சுது. கொடி சுத்துன மாதிரி சாஞ்சிருந்தா ஆக்ஸில் முறுக்கி நிரந்தரமா நின்னுடுச்சு, உடையறதுக்கு நாள் பாத்துட்டிருக்கு, யோசிக்காம தூக்கிப் போடுங்க. ஸ்ப்ளைன் பல்லும் அப்படித் தான், நேரா நிக்காம சாஞ்சிருந்தா கதை முடிஞ்சுது.

எவ்ளோ தடி ஆக்ஸில் போட்டாலும் வீல் ஹாப் வந்தா ஒண்ணும் நிக்காது. டயர் பிடிக்குது விடுது பிடிக்குதுன்னு குதிக்கும்போது ஒரு லாஞ்சுல பத்து பதினஞ்சு சுத்தியல் அடி. அந்தக் காலத்து மஸ்டாங்ல பின்னாடி நாலு லிங்க், ரப்பர் புஷ் எல்லாம் அல்வா மாதிரி இருக்கும், மொதல்ல கண்ட்ரோல் ஆர்ம் மாத்துங்க, டிஃப்ல இருக்கற பினியன் கியரோட கோணத்த செட் பண்ணுங்க, நல்ல ஷாக் போடுங்க. குதிக்க ஆரம்பிச்சா வீரம் காட்டாம ஆக்சிலரேட்டர்லேருந்து கால எடுத்துடுங்க, அந்த ரன் போனா போகுது. கியர் வண்டிக்கு டிராக் ரேடியல விட பயஸ் பிளை ஸ்லிக் நல்லதுங்கறது என் கருத்து, அதோட பக்கச் சுவர் சுருங்கி விரியும்போது அடில பாதிய அதுவே முழுங்கிடும், ரேடியல் வெறப்பு, அடிய அப்படியே கடத்தும்.

இப்ப கிளட்ச்.

லாஞ்ச் ஆர்பிஎம் தான் மொத சாவி. சுத்தற எடையோட சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 4500ல விடறதுக்கும் 6000ல விடறதுக்கும் பாத்தா வேகம் மூணுல ஒரு பங்கு தான் கூட, அந்த சக்தி கிட்டத்தட்ட 78 சதவீதம் கூட. லாஞ்சுக்கு முன்னாடி ஆர்பிஎம்ம ஒரே அளவுல நிறுத்தி வைக்கற டூ ஸ்டெப் போட்டு 4000ல ஆரம்பிங்க, ரன் முடிஞ்சு குடுக்கற டைம் ஸ்லிப் சீட்டுல மொத 60 அடிய கடந்த நேரத்த மட்டும் பாத்துட்டே 200 200ஆ ஏத்துங்க, நேரம் கொறையறது நின்னதும் அங்கயே நிறுத்திடுங்க.

அப்பறம் அட்ஜஸ்ட் பண்ற கிளட்ச். லாங் ஸ்டைல் பிரஷர் பிளேட்ல ஸ்பிரிங் அழுத்தம் தனி, லீவர்ல எடை தனி. ஸ்பிரிங் அழுத்தம் லாஞ்சுக்கு, எடை மேல் கியருக்கு, ஏன்னா ஆர்பிஎம் ஏற ஏற எடை வெளிய வீசி இன்னும் இறுக்கும். டேட்டா லாகர்ல பாருங்க, விட்ட ஒடனே ஆர்பிஎம் தலைகுப்புற விழுந்தா கிளட்ச் ரொம்ப கடிக்குது, ஸ்பிரிங்க கொஞ்சம் தளத்துங்க. மூணு நாலுல போகும்போது ஆர்பிஎம் ஏறுது வண்டி வேகம் ஏறலன்னா எடைய கூட்டுங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, ரெண்டையும் ஒரே நாள்ல மாத்திட்டு எதனால என்ன ஆச்சுன்னு தெரியாம நான் முழிச்ச முழி எனக்குத் தான் தெரியும். இந்த மாதிரி வழுக்க விடறதுக்கு சிண்டர்டு இரும்புத் தட்டு (இரும்புத் தூள அழுத்தி சூடு பண்ணி செஞ்சது) தான் சரி, ஆர்கானிக் தட்டு வெந்து கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிட்டா அப்பறம் பிடிக்கவே பிடிக்காது. அவ்ளோ செலவு வேணாம், ஹைட்ராலிக் கிளட்ச் இருக்குன்னா பெடல விடும்போது ஆயில் திரும்பற வேகத்த கொறைக்கற வால்வு இருக்கு, நாம டப்புனு விட்டாலும் அது மெதுவா தான் விடும்.

கிளட்ச் தேயறதுக்கு பாதி காரணம் டிராக்ல இல்ல, மாட்டுன விதத்துல இருக்கு. கேபிள் கிளட்ச் மஸ்டாங்ல பெடல்கிட்ட ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும், அது தேஞ்சா கிளட்ச் முழுசா விடாது, கியர் கரகரக்கும், நீங்க கிளட்ச குத்தம் சொல்லுவீங்க. அலுமினியத்துல மாத்திட்டு அட்ஜஸ்டர் வைங்க, ஆனா கேபிள ரொம்ப இழுத்து வச்சா கிளட்ச் எப்பவும் பாதி அமுங்கியே இருந்து கருகும், அதையும் பாத்துக்கோங்க. கிளட்ச மூடியிருக்கற பெல் ஹவுசிங் நடுவுல உக்காந்திருக்கான்னு டயல் கேஜ் வச்சு பாருங்க, 5 தௌ (இஞ்சுல ஆயிரத்துல அஞ்சு பங்கு), அதாவது 0.13 மில்லிமீட்டருக்கு மேல ஓடக்கூடாது. ஃபிளைவீல்ல நீலப் பொட்டு இருந்தா கிரைண்ட் பண்ணாம புது தட்டு போடாதீங்க. புது ஆர்கானிக் தட்ட 800 கிலோமீட்டராச்சும் டவுன்ல சாதாரணமா ஓட்டி பழக்கிட்டு அப்பறம் தான் டிராக்குக்கு கொண்டு போகணும், இந்த பொறுமை எவனுக்கும் இல்ல.

பாதுகாப்புல ஒண்ணே ஒண்ணு. கிளட்ச், ஃபிளைவீல் எஸ்எஃப்ஐ (ரேஸ் சாமானுக்கான பாதுகாப்புத் தர அமைப்பு) முத்திரையோட வாங்குங்க, பெல் ஹவுசிங்கும் அதே மாதிரி, 11.49 செகண்டுலயோ அதுக்கு கீழயோ ஓடுனா ரூலே அது தான். 1970ல பேர் போன டிராக் ரேஸர் டான் கார்லிட்ஸ் வண்டில டிரான்ஸ்மிஷன் வெடிச்சு அவரோட வலது பாதத்துல ஒரு பகுதியையே வெட்டிட்டுப் போயிடுச்சு, அதுக்கப்பறம் தான் அவர் இன்ஜின தனக்குப் பின்னாடி வச்சு வண்டி கட்டுனார். நம்ம வண்டில அதே சாமான் நம்ம கணுக்காலுக்கு பக்கத்துல தான் சுத்துது.

டிராக்ல நடந்துக்கறது கொஞ்சம். லைன்ல காத்திருக்கும்போது நியூட்ரல்ல போடுங்க, கிளட்ச அமுக்கிட்டே நிக்காதீங்க, முடிஞ்சா வண்டிய தள்ளிட்டுப் போங்க. பர்ன்அவுட்டுக்கு லைன் லாக் போட்டு முன் பிரேக்க பிடிச்சுக்கோங்க, செகண்ட் கியர், தண்ணில நின்னு கிளட்ச சட்டுனு விட்டுடுங்க, அங்க பதமா விட்டா தான் தப்பு, டயர் சூடாகாம தட்டு சூடாகும். சுத்திட்டிருக்கற டயரோட காஞ்ச எடத்துக்கு ஓட்டி ஏறாதீங்க, அங்க திடீர்னு பிடிக்கும்போது விழற அடி லாஞ்ச விட மோசம். காஞ்ச எடத்துல குட்டிக் குட்டி லாஞ்ச் அடிச்சு சீன் போடறதும் வேணாம். ரெண்டு ரன்னுக்கு நடுவுல அரை மணி நேரமாச்சும் பானெட்ட தொறந்து விடுங்க, பெல் ஹவுசிங்கிட்ட மூக்க கொண்டு போங்க, கருகுன வாசன வந்தா அடுத்த ரவுண்டு லாஞ்ச 300 ஆர்பிஎம் கொறச்சு விடுங்க, இல்ல அன்னிக்கு ஐஸ்கிரீம் வாங்கி சாப்டுட்டு மத்தவங்க ஓட்டறத பாருங்க.

டிக்கில ஒரு ஸ்பேர் ஆக்ஸில், சீல், ரெண்டு லிட்டர் கியர் ஆயில், நீள கைப்பிடி காந்தம் ஒண்ணு. ஆக்ஸில் உடைஞ்சா உள்ள சின்னச் சின்ன இரும்புத் துணுக்கு கெடக்கும், அத காந்தத்தால தேடி எடுக்காம, ஆயிலயும் முழுசா மாத்தாம புது ஆக்ஸில சொருகுனீங்கன்னா அடுத்து கிரவுன் பினியன் போகும், அதுக்கு ஆகற செலவ நான் வீட்ல இன்னும் சொல்லல.