இன்னொரு மிஷின் கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, வீட்டில் ஆக்சிஜன் எடுக்கும் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவச் செலவைக் கொடுக்கும் காப்பீட்டு ஸ்கீம்) எழுதுவது இப்படித்தான்: "அப்பாவுக்கு இன்னொரு கான்சென்ட்ரேட்டர் வேண்டும்." (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் மிஷின் அது.) மறுப்பும் அதே நீளத்தில் வரும்.

"இன்னொன்று" என்ற சொல்

ஸ்கீம் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரே வேலைக்கு இரண்டு கருவியா? அம்மா ஒரு வாரம் மகள் வீட்டில், மறு வாரம் மகன் வீட்டில் என்றால், வீட்டுக்கொரு மிஷின் கேட்பது அவர்கள் கணக்கில் வசதி, வைத்தியம் இல்லை. டாக்டர் கடிதத்திலும் "வசதிக்காக" என்று எழுதி வாங்கிவருகிறார்கள். அந்த ஒரு சொல்லே போதும், ஃபைலை மூட.

லோட் ஷெடிங்குக்கு சிலிண்டர் கேட்பது வேறு. கரண்ட் போனால் கான்சென்ட்ரேட்டர் நின்றுவிடும். சிலிண்டர் அந்த இடைவெளிக்கு. அதைக் கணக்கோடு கேளுங்கள்: நிமிடத்துக்கு 2 லிட்டர், 4 மணி நேரம், ஆக 480 லிட்டர். கிடைத்தே தீரும் என்றில்லை, ஆனால் 'டூப்ளிகேட்' என்று ஒரே சொல்லில் தள்ள முடியாது.

பழையது கெட்டிருந்தால் "கூடுதல்" என்று எழுதவே கூடாது, "மாற்று" என்று எழுத வேண்டும். கடிதத்தில் நோயைக் குறிக்கும் ஐ.சி.டி-10 கோடு (சி.ஓ.பி.டி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் என்றால் பெரும்பாலும் ஜே44.9), ஆக்சிஜன் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பழைய மிஷினின் சீரியல் நம்பர் எல்லாம் இருக்கட்டும். கூடவே டெக்னீஷியன் ரிப்போர்ட்: வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மை எத்தனை சதவீதம், பழுது பார்க்க முடியுமா, முடியாதா. 90க்கு மேல் இருக்க வேண்டியது இறங்கியிருந்தால் அதுதான் ஆதாரம். முதலில் பின்பக்கப் பஞ்சு ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டிப் பாருங்கள். தூசி அடைத்த மிஷினைச் செத்த மிஷின் என்று அனுப்பிவைப்பவர்களும் உண்டு.

வாங்கிவிட்டு அனுமதி கேட்பது

ஸ்கீம் அனுமதித்ததற்கான ஆத்தரைசேஷன் நம்பர் கையில் வரும் வரை பணம் கட்டாதீர்கள்.

வாடகை மிஷினைத் திருப்பாமல் இருப்பது

சொந்த மிஷின் வந்த அன்றே வாடகையைத் திருப்பி, கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாவிட்டால் இரண்டும் ஓடுவதாகத்தான் ஸ்கீம் எடுத்துக்கொள்ளும்.

பில்லைத் தள்ளிப்போடுவது

உதாரணத்துக்கு, மார்ச் மாத பில் ஜூலை 31க்குள் போய்ச் சேர வேண்டும். பில்லில் பிழை என்றால் ஸ்கீம் 30 நாளில் சொல்ல வேண்டும். திருத்தி அனுப்ப உங்களுக்கு 60 நாள்.

போனில் சண்டை போடுவது

மறுப்பை எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் ஸ்கீமின் தலைமை அதிகாரியான பிரின்சிபல் ஆபீசருக்கு எழுதுங்கள், அங்கும் தீராவிட்டால் ஸ்கீம்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்கு. நோய் பி.எம்.பி பட்டியலில் (எல்லா ஸ்கீமும் சட்டப்படி செலவு கொடுத்தாக வேண்டிய நோய்கள்) இருந்தால் அதை முதல் வரியிலேயே போடுங்கள்.